நிழலைக் கேட்கும் உரிமை: பேராக்கின் பூங்காக்களும் தோட்டத்தை விட்டு வந்தவர்களும்

குவாலா கங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலியிட்டுக் காக்கப்படும் பால்மரம் ஒன்று நிற்கிறது. 1877இல் அந்த ஊரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது அது ஒன்றுதான். பிரேசிலில் திரட்டிய விதைகள் 1876இல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் முளைவிட்டன. அங்கிருந்து அதே ஆண்டில் இலங்கையின் ஹெனரத்கொட பூங்காவுக்கும், மறு ஆண்டில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கும் கன்றுகள் போயின. ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் அவற்றுள் சில குவாலா கங்சார் வந்து சேர்ந்தன. நம் முன்னோர் லட்சக்கணக்கில் கப்பலேறக் காரணமான மரம், பூங்கா விட்டுப் பூங்கா மாறித்தான் இந்த மண்ணைத் தொட்டிருக்கிறது. அதைச் சீவிப் பால் எடுத்தவர்களுக்கோ, மூன்று தலைமுறை கடந்தும் ஒரு பூங்காவின் நிழல் சொந்தமாகவில்லை.

தோட்டத்தில் பசுமைக்குக் குறைவிருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவித் திரும்பியவர்களைச் சுற்றி எட்டுத் திக்கும் பச்சைதான். ஆனால் அது வேலையின் பச்சை. கொசுவும் அட்டையும் ஈரமும் சேர்ந்த அந்த நிழலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார யாரும் போனதில்லை. ஓய்வுக்கென்று இருந்தவை வேறு: தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு எதிரே பந்து விளையாடும் திடல், கோயில் முகப்பு, அங்கிருந்த அரசமரத்தடி, பக்கத்து ஆற்றங்கரை. கல்யாணப் பந்தலும் தீமிதியும் திரைப்படம் காட்டும் இரவும் அந்தத் திடலில்தான் நடந்தன. திடல் கம்பெனியுடையது. கோயில் நின்ற மண்ணும் கம்பெனியுடையது. தோட்டம் கைமாறியபோது இரண்டும் சேர்ந்தே கைமாறின.

அந்தக் கைமாற்றம் 1950களிலேயே தொடங்கிவிட்டது. ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்க, அதனால் தொழிலாளர் குடும்பங்களுக்கு நேர்ந்ததைப் பொருளியலறிஞர் உங்கு அசிஸ் 1960களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவது அவர் கண்ட வழி. சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது, எல்லாவற்றையும் அல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதுமானது, பிறகு சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஆயர் தாவாரிலும் சித்தியவானிலும் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளைக் காணும்போது, அந்தப் பெயருக்குரிய தோட்டம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். லயத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்கு இழப்பீடு பேசப்பட்டது. மலிவு விலை அடுக்குமாடி வீடு பேசப்பட்டது. கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டுப் போராட்டமும் நடந்தது. திடலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்தாம் மாடியில் குடியேறிய கிழவிக்கு மாலையில் நாலு பேரோடு உட்கார்ந்து பேச எந்த இடம் என்ற கேள்வி எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறவில்லை.

ஆகவே பூங்காவைப் பற்றிய இந்தப் பேச்சைப் பொழுதுபோக்குப் பேச்சாக ஒதுக்க எனக்கு மனமில்லை. தோட்டத்தில் கம்பெனி விருப்பப்பட்டு விட்டுவைத்த நிலத்தில் நாம் கூடினோம். நகரத்தில் பொது நிலம் என்பது வரி கட்டும் எல்லாருக்கும் உரியது. உரியது என்றால் கேட்டு வாங்க வேண்டியது. அதை யாரிடம், எந்த வாசலில் கேட்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

பேராக்கில் பொதுப் பூங்கா பிறந்த இடம் தைப்பிங். இன்று 64 ஹெக்டேர் பரப்பில் ஏரிகளும் புல்வெளியுமாக விரிந்து கிடக்கும் தைப்பிங் ஏரிப் பூங்கா, ஈயம் தோண்டி எடுத்துக் கைவிடப்பட்ட குழிகளின் மேல் அமைந்தது. கர்னல் ராபர்ட் சாண்டிலேண்ட்ஸ் ஃப்ரௌட் வாக்கரின் யோசனைப்படி 1880இல் அந்த நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1884இல் புல்லும் பூச்செடிகளும் மரங்களும் நட்டார்கள். மலாயாவின் முதல் பொதுப் பூங்கா என்று சொல்லப்படுவது இதுவே, கோலாலம்பூரின் ஏரிப் பூங்கா இதற்குச் சில ஆண்டுகள் இளையது. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி ஏரி நீரைத் தொடும் காட்சிக்காகவே இன்றும் பலர் தைப்பிங்குக்கு வருகிறார்கள். அந்த மரமும் பால்மரத்தைப் போலத் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஒன்று கூலிக்கு நிற்க, மற்றது நிழலுக்கு நின்றது.

தைப்பிங்கில் கற்றுக்கொள்ள வேண்டியது அழகை மட்டுமல்ல. ஈயம் எடுத்த நிலம் மேல்மண் கழுவப்பட்டு, வெள்ளை மணலும் சேறுமாக, புல்கூடத் தயங்கி முளைக்கும் நிலம். அதில் நிழல் மரம் வளர்ப்பதென்றால் பல ஆண்டுப் பராமரிப்பு வேண்டும். பெய்யும் மழையும் அந்த ஊருக்குத் துணை நின்றது. லாருட் மலையடிவாரத்தில் இருப்பதால் தீபகற்பத்திலேயே மிக அதிக மழை பெறும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. மழை மட்டும் போதாது, நட்டதை அடுத்தடுத்து வந்த நிர்வாகங்கள் தொடர்ந்து காத்திருக்க வேண்டும். நட்டவர் காலத்தில் அந்த மரங்கள் இந்த உருவத்தை எட்டியிருக்க முடியாது. பின்னால் வருபவர்களுக்காகப் பணம் செலவிடும் மனம் ஒரு நகர நிர்வாகத்துக்கு இருந்தால்தான் ஏரிப் பூங்கா போன்ற ஒன்று உருவாகும்.

கிந்தா பள்ளத்தாக்கில் இதே பாடத்தைப் பெரிய அளவில் நடத்தியிருக்கலாம். ஈப்போ, பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் ஈயம் எடுத்த குட்டைகள் ஏராளம். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட மிதவை ஈயக்கப்பல் 1982இல் ஓய்ந்தது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் எஞ்சிய சுரங்கங்களும் அடுத்தடுத்து மூடின. குட்டைகள் மீன் பண்ணைகளாகின, வாத்துப் பண்ணைகளாகின, மண் நிரப்பப்பட்டு வீடுகளாகின. பூங்காவானவை சிலவே. அவற்றுள் ஈப்போவின் வடபுறத்தில் இருக்கும் குனோங் லாங் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சுமார் 30 ஹெக்டேரில் ஏறத்தாழப் பாதி நீர். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த அந்த ஏரியைப் படகில் கடந்துதான் உள்ளே போக வேண்டும். குன்றுகளை வெடிவைத்துச் சிமெண்டுக்கு அனுப்பும் தொழிலும் இதே பள்ளத்தாக்கில் நடக்கிறது. 2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் குன்றைக் காப்பதற்கும் உடைப்பதற்கும் இடையிலான இழுபறி ஓயவில்லை.

ஈப்போவின் நடுவே, ராஜா மூசா அசிஸ் சாலையில் இருக்கிறது டி. ஆர். சீனிவாசகம் பூங்கா. ஏரி, மீன், சிறுவர் விளையாட்டுத் திடல், நாற்றங்கால் என்று நகரப் பூங்காவுக்குரிய எல்லாம் உண்டு. முன்பு அதன் பெயர் கொரோனேஷன் பூங்கா. பிரிட்டிஷ் அரச முடிசூட்டை நினைவுகூர்ந்த பெயர் போய், ஈப்போவில் வழக்காடிய ஒரு தமிழ் வழக்கறிஞரின் பெயர் வந்தது. உள்ளூர் மக்களுக்கு இன்று அது வெறும் டி. ஆர். பூங்கா. அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது அங்கு மெதுவோட்டம் ஓடும் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. அது வருத்தமான விஷயம், காரணம் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத் தமிழ் வழியில் வந்த தர்மராஜா சீனிவாசகம், 1953இல் பேராக்கில் தொடங்கிய முற்போக்குக் கட்சியின் முன்னோடிகளில் ஒருவர். பின்னர் அதுவே மக்கள் முற்போக்குக் கட்சி ஆயிற்று. அவரும் அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்திப் பெயர் பெற்றவர்கள். தமிழர், சீனர் என்று பாராமல் தோட்டத்திலும் சுரங்கத்திலும் புதுக் கிராமங்களிலும் அவர்களுக்கு ஆதரவு இருந்தது. 1957 முதல் நாடாளுமன்றத்தில் இருந்த டி. ஆர்., ஓர் அமைச்சர் மீது ஊழல் குற்றச்சாட்டை வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கில் வென்றவர் டி. ஆர்., 1965இல் அமைச்சர் பதவி விலகினார். 1969 மார்ச்சில், ஐம்பது வயதை எட்டுமுன், டி. ஆர். காலமானார்.

பூங்காவைப் பற்றிய பேச்சில் அவருடைய வாழ்க்கையில் முக்கியமானது, ஈப்போ நகர மன்றத்தை அவருடைய கட்சி தேர்தலில் வென்று பல ஆண்டுகள் நடத்தியது என்பதே. அன்றைய ஈப்போ எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று மூத்தவர்கள் இன்றும் சொல்லிக் கேட்கலாம். குப்பை அள்ளவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, திடலில் விளக்கு எரியவில்லை என்றால் கேட்பதற்கு வட்டாரத்தில் ஓர் உறுப்பினர் இருந்தார். மறு தேர்தலில் அவருக்கு உங்கள் ஓட்டு வேண்டும். அந்த எளிய உறவு 1965இல் அறுந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி அரசாங்கம் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் உள்ளாட்சி அமைப்புகளை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவரும் ஒரு தமிழர், ஆதி நாகப்பன். ஆணையம் 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தது. உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இன் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு இடமே இல்லாமல் செய்தது. இன்று ஈப்போ மாநகர் மன்றத்திலும் சரி, லூமுட்டை நிர்வகிக்கும் மஞ்சோங் நகராண்மைக் கழகத்திலும் சரி, உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு.

நியமன உறுப்பினர்களில் நல்லவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பூங்காவின் நலன் சின்னச் சின்னக் குறைகளில் அடங்கியிருக்கிறது: உடைந்த ஊஞ்சல், பூட்டிய கழிவறை, ஏழு மணிக்கு மேல் இருளும் நடைபாதை, சக்கர நாற்காலி ஏற முடியாத படி. இவற்றுக்காக யாரும் கோலாலம்பூருக்கு மனு எழுதப் போவதில்லை. தெருக்கோடியில் பிடித்துக் கேட்க ஒருவர் வேண்டும். உள்ளாட்சித் தேர்தலும் ஊஞ்சலும் தொடர்பில்லாதவை என்று நினைப்பவர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு மாதம் மாலைதோறும் பூங்காவுக்குப் போய்ப் பார்க்கலாம்.

வீட்டருகே பூங்கா வேண்டும் என்ற வாதத்துக்கு ஆய்வுகளும் வலுச் சேர்க்கின்றன. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை அவர் இரண்டிரண்டாக ஒப்பிட்டார். சன்னலில் மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்ப, செங்கற்சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வலிக்கான கடும் மருந்தும் முதல் பிரிவினருக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்திய ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா என்பது முக்கியமாகப் படவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இதை வாசிக்கலாம். அந்த எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சமூகத்துக்கு இந்த எண்கள் அந்நியமானவை அல்ல. 2019இன் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரின் நிலையே மிக மோசம். தாத்தா நாள் முழுக்க மரத்துக்கு மரம் நடந்தார், பேரன் பாதுகாவலர் கூண்டிலோ லாரியிலோ தொழிற்சாலை இயந்திரத்தின் முன்னோ பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறான். "தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். எங்கே நடப்பது? மோட்டார் சைக்கிள்கள் சீறும் சாலையோரத்திலா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2016இல் ஓர் அளவுகோல் சொன்னது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேராவது பொதுப் பசுமை இருக்க வேண்டும். நம் நாட்டிலும் விதி இருக்கிறது. வீடமைப்பு நிலத்தில் குறைந்தது 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது நகரத் திட்ட வழிகாட்டுதல், 1,000 பேருக்கு 2 ஹெக்டேர் என்பது இலக்கு. காகிதத்தில் இது தாராளம். தரையில் அந்தப் பத்து விழுக்காடு பல வேளைகளில் வீடு கட்ட முடியாத மூலையில் விழுகிறது. பெருங்கால்வாய் ஓரத்திலும் மின்கம்பி வரிசைக்கு அடியிலும் நிழலில்லாத புல்லாக அது கிடக்கிறது. அளவு சரியாக இருக்கும், உட்கார இடமிருக்காது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பூங்காக்கள் மூடப்பட்டபோது, முற்றம் இல்லாத வீட்டில் அடைந்து கிடப்பது என்னவென்று அடுக்குமாடிவாசிகள் அனுபவித்தார்கள்.

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தைப் பாருங்கள். நாட்டில் இந்தியர் நெருங்கி வாழும் நகர்ப்புறங்களில் பெரிது அது. கச்சான் பூத்தே வறுக்கும் மணம் கமழும் தெருக்கள், தைப்பூசத்தன்று அங்கிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் வரை நிறையும் கூட்டம் என்று அதன் பெருமை நாடறியும். டி. ஆர். பூங்காவோ நகரின் மறுபாதியில், ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவருக்கு அது தூரமே இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகளோடு கால்நடையாகப் புறப்படும் பாட்டிக்கு அது வேறு ஊர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போக் குடும்பங்கள் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு லூமுட் பக்கம் வருவதன் பொருள் இதனோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். காற்றுக்கும் தண்ணீருக்கும் பாய் விரித்துச் சோறு பிரித்து உண்ணும் மரத்தடிக்கும் அவர்கள் தெலுக் பாத்திக் கடற்கரையைத் தேடி வருகிறார்கள். அந்த மாலைகளில் அங்கு கேட்கும் தமிழ் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

லூமுட் டிண்டிங்ஸ் பகுதியைச் சேர்ந்தது. 1874 ஜனவரி 20இல் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையால் பேராக்கிடமிருந்து பிரிந்து, 1935இல் திரும்பி வந்த கரையோரம் அது. இன்று லூமுட், ஸ்ரீ மஞ்சோங், சித்தியவான் மூன்றும் ஒட்டி வளர்ந்துவிட்டன. கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கரையெல்லாம் திறந்திருக்கவில்லை. ஒரு பக்கம் கடற்படைத் தளம். கடலைத் தூர்த்து எழுப்பிய நிலத்தில் நிலக்கரி மின்நிலையம். தெலுக் ருபியாவில் 2014 முதல் பிரேசில் கம்பெனியின் இரும்புத்தாது முனையம், உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் இடம். மூன்றாலும் வேலை கிடைத்தது, அந்த வேலை இந்த வட்டாரத்துக்கு வேண்டியதுதான். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு துண்டு கரை பொதுமக்கள் கையிலிருந்து போயிற்று என்பதும் உண்மை. அதனால்தான் தெலுக் பாத்திக் மீது இவ்வளவு பாரம்.

கரையை விட்டு வடக்கே போனால் செகாரி மெலிந்தாங் காடு. தாழ்நில மழைக்காட்டில் மிஞ்சிய துண்டு அது, சுற்றிலும் செம்பனை. அங்கு நடந்த ஓர் ஆய்வு 2019இல் உலகக் கவனம் பெற்றது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, மலாய்க்காரர்கள் பெரோக் என்றழைக்கும் பன்றிவால் குரங்குகளைப் பின்தொடர்ந்தார்கள். காட்டில் உறங்கிச் செம்பனைக்குள் இரை தேடும் ஒரு குரங்குக் கூட்டம் ஆண்டுக்கு 3,000 எலிகளுக்கு மேல் கொன்று தின்கிறது. எலி தின்னும் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு, குரங்குகள் நடமாடும் இடங்களில் அது 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. குரங்கு தின்னும் பழம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. பூச்சி, எலி, குரங்கு என்று தோட்டக்காரர் விரட்டும் பட்டியலில் இருந்த விலங்கு அவருக்கே ஊழியம் செய்துகொண்டிருக்கிறது. காடு இருந்தால்தான் அந்தக் கூட்டம் இருக்கும். பூங்காவுக்கும் வனத்துக்கும் பணம் ஒதுக்கும்போது "என்ன வருமானம்?" என்று கேட்கும் அதிகாரிகளுக்குச் செகாரியைக் காட்டலாம்.

தமிழர்கள் பொதுவெளியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய, மாசி மகத்தன்று லூமுட் படகுத்துறையில் நின்றால் போதும். பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பேராக்கின் பல ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் படகேறுகிறார்கள். காவடி, பால்குடம், கடலில் நீராடல், மணலில் சமையல். அன்று தீவின் கரை கோயில் முற்றமாகவும் குடும்பக் கூடமாகவும் மாறிவிடுகிறது. நம்முடைய பழக்கம் கூட்டமாகப் போவது, சாப்பாடு கொண்டுபோவது, மூன்று தலைமுறையும் சேர்ந்திருப்பது. தனி ஆள் காதில் ஒலிக்கருவி மாட்டி ஓடுவதற்கென்றே அமைத்த பூங்காவில் இதற்கு இடமில்லை. நாலு குடும்பம் வட்டமாக உட்காரும் மேசை, பாய் விரிக்க மேடான நிழல், தண்ணீர்க் குழாய், பெண்கள் தயங்காமல் நுழையும் கழிவறை, இருட்டிய பிறகும் எரியும் விளக்கு ஆகியவை கூடுதல் வசதிகள் என்று நான் நினைக்கவில்லை. இவை இல்லாவிட்டால் நம் பெண்களும் முதியவர்களும் பூங்காவுக்கு வரமாட்டார்கள்.

தேர்தல் இல்லாத உள்ளாட்சியிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1976இன் நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்டம் முடிவாகுமுன் அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் தொழிற்சாலைக்கு, எது திறந்தவெளி என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் நிறம் பிரித்துக் காட்டப்படும். அறிவிப்பு நாளிதழில் வரும், நகராண்மைக் கழக அலுவலகத்தில் வரைபடம் தொங்கும், கருத்தோ ஆட்சேபமோ எழுதிக் கொடுக்கச் சில வாரம் அவகாசம் உண்டு. எழுதிக் கொடுத்தவர் நேரில் விளக்கவும் வாய்ப்புக் கேட்கலாம். கோயில் செயலவைகளும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மாநிலமெங்கும் இருக்கின்றன. கோயில் நிலத்துக்காகவும் பள்ளி நிலத்துக்காகவும் வரைபடத்தைப் புரட்டிப் பழகிய கைகள் அவை. அடுத்த முறை மஞ்சோங்கிலோ ஈப்போவிலோ வரைவு தொங்கும்போது, அந்தச் சங்கங்கள் தங்கள் குடியிருப்புகளிலிருந்து 300 மீட்டருக்குள் எங்கே பச்சை நிறம் இருக்கிறது, அங்கே மின்கம்பி ஓடுகிறதா, கால்வாய் ஓடுகிறதா என்று பார்த்து, எழுத்தில் கேட்கட்டும்.